ஒரு ராடு

சேறு பட்ட நோட்டு
திங்கட்கிழமைதான் வந்து சேரும்.
திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டு மேல்
டீசல் வாடையடிக்கும் மாடியறையில்
பில் போடுகிறவள் நான்.
வண்டி எந்தக் காட்டைத் துளைத்தாலும்
எனக்கு அது தாளாகத்தான் தெரியும்.

இந்த முறை முத்தூருக்கு மேற்கே, எழுநூறு அடி.
நூறடிக்கு ஒரு வரி.
வரிக்கு வரி அடி ரேட்டு
ஒரே அளவாய் ஏறும்.
எவ்வளவு என்று பேசி முடித்த டிரில்லர் மாரப்பன்
அடுத்த காட்டுக்குப் போய் போனை அணைத்துவிட்டான்.
ஏழு வரியில் ஐந்தைச் சேறு தின்றிருந்தது.
நாலாவது தெரிந்தது: நூற்றிப் பன்னிரண்டு.
ஏழாவது தெரிந்தது: நூற்றி முப்பத்தாறு.

போதும்.
இரண்டு கல் தெரிந்தால் வரப்பு தெரியும்.
நாலிலிருந்து ஏழுக்கு மூன்று எட்டு.
அதற்குள் ஏறியது இருபத்து நாலு ரூபாய்.
எட்டுக்கு எட்டு.
(தமிழில் இந்தக் கணக்கைச் செய்யும்போது
எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது.)
பின்னால் நடந்தேன்:
நூற்றி நாலு, தொண்ணூற்றாறு, எண்பத்தெட்டு.
முன்னால் நடந்து நூற்றி இருபதையும்
நூற்றி இருபத்தெட்டையும் சேற்றிலிருந்து எடுத்தேன்.
ஒவ்வொன்றாய்க் கூட்டக்கூட வேண்டியதில்லை,
ஏழு வரியின் பாரத்தையும்
நடுவரி ஒன்றே தூக்கிக்கொள்ளும்.
நூற்றிப் பன்னிரண்டை ஏழால் பெருக்கி, பிறகு நூறால்.
எழுபத்தெட்டாயிரத்து நானூறு.

புதன்கிழமை போன்.
காட்டுக்காரர் கொளந்தசாமி.
சண்டைக்குத்தான் என்று காதைத் தள்ளிப் பிடித்தேன்.
"பில்லு சரிதானுங் அம்மிணி.
நோட்டு சேறாயிருச்சுன்னாங்களே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"
சொன்னேன்.
"அப்படீன்னா எங்க காட்டுக் கணக்கையும் சொல்லுங்.
முன்ன போட்ட போரெல்லாம் எத்தனையடின்னு
பேங்க்ல எழுதிக் கேக்கறாங்க. ரசீது ஒண்ணுமில்லீங்.
மொதப் போரு நூத்தியெம்பது.
இப்பப் போட்டது அஞ்சாவது, எழுநூறு."

நாலு எட்டில் ஐநூற்றி இருபது.
எட்டுக்கு நூற்றி முப்பது.
"முந்நூத்திப் பத்து, நானூத்தி நாப்பது, ஐநூத்தி எழுவது"
என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.
பூமிக்குள் மனுசன் சமமாய்த்தான் இறங்குவான் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
பழக்கம்.

"முந்நூத்திப் பத்து, சரிங்.
நானூத்தி நாப்பது, ஆமாங்,
புள்ளைக்குக் காது குத்துன வருசம்."
பிறகு கொஞ்ச நேரம் ஏதோ ஒரு கன்று கத்தியது மட்டும் கேட்டது.
"நாலாவது தப்புங்.
ஐநூத்தி எழுவதுல வெறும் புகைதான் வந்துச்சு.
மாரப்பன் ராடைக் கழட்டச் சொல்லீட்டாரு.
இன்னும் ஒரு ராடு விடுங்கன்னு கையப் புடிச்சேன்.
காசு வாங்காம விட்டாரு.
இருபதடி.
அதுலதானுங் ஒன்றரை இஞ்சு வந்துச்சு.
ரெண்டு வருசம் மஞ்சள் வெச்சேன்."

என் நூற்றி முப்பதுக்குள்
அந்த ராடு எங்கேயும் இல்லை.
எங்கள் பழைய நோட்டிலும் இருக்காது,
காசில்லாததை மாரப்பன் எழுதியிருக்க மாட்டான்.

"இப்ப எழுநூறுல?" என்றேன்.
"வண்டி போயிருச்சுங்."

அவ்வளவுதான் சொன்னார்.
கேட்டிருக்கக் கூடாது.

"அடுத்தது எத்தனைங் அம்மிணி?"
கேள்வி முடியும் முன்பே
எண்ணூற்றி முப்பது என் நாக்கில் வந்து நின்றது.
விழுங்கினேன்.
வரிசைக்கு ஆழம் தெரியும்,
ஈரம் தெரியாது.

அவரோ வேறொன்றைக் கேட்டிருக்கிறார்.
"நூத்தி நாப்பத்தி நாலுங்களா, எட்டாவது வரி?
எட்டு எட்டா ஏறுதேன்னு
பில்லுலயே பாத்து வெச்சேனுங்."

ஆமாங்க என்றேன்.

பேங்குக்குப் போகும் தாளில் எழுதினேன்:
180, 310, 440, 590, 700.
ஒரு பல் துருத்திய வரிசை.
கம்பெனி முத்திரையை மையில் ஒற்றி
நாலாவது எண்ணின் மேல் படாமல்
தள்ளிக் குத்தினேன்.